வெள்ளை முக்கோணம்

நல்லுசாமி விமானத்தில் ஏறியதில்லை. ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் விமான இறக்கையின் மேல் காற்று எதுவரை அடங்கிப் போகிறது, எங்கே கலங்கத் தொடங்குகிறது என்பதைத் திருச்சிராப்பள்ளியில் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய நாலைந்து பேரில் அவரும் ஒருவராக இருந்தார்.

பூர்வீகம் லால்குடிக்கு வடக்கே ஒரு சிற்றூர். இருந்த நிலத்தை அண்ணன்கள் பார்த்துக்கொண்டார்கள். இவருக்கு மண்ணைவிட மரம் கைக்கு வந்தது. 1948இல் திருச்சிக்கு வந்து, உறையூர்ப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் மாதிரித் தச்சராகச் சேர்ந்தார். பம்ப்செட்டின் மூடியோ சக்கரமோ, இரும்பில் எதை வார்ப்பதானாலும் முதலில் அதை மரத்தில் செய்தாக வேண்டும். அந்த மரத்தை ஈர மணலில் அழுத்தி எடுத்தால் குழி விழும். குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மரத்தில் கீறல் இருந்தால் இரும்பிலும் அதே கீறல் வரும். அதனால் இழைப்புளியும் உப்புத்தாளும் பிடித்த கை, ஒரு வேலை முடிந்தது என்று லேசில் ஒத்துக்கொள்ளாத கையாக ஆகிவிட்டது.

பத்தாண்டுகள் கழித்து அந்தப் பட்டறைக்குப் பேராசிரியர் திருநாராயணன் வந்தார். மன்னார்புரத்துக்கு அப்பால் இருந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். வீடு ஸ்ரீரங்கத்தில் தெற்கு உத்திர வீதி. நெற்றியில் திருமண், காலில் கான்வாஸ் ஷூ, சைக்கிள் கைப்பிடியில் சுருட்டிக் கட்டிய வரைபடம். காற்றாடியின் மையச் சக்கரம் ஒன்றை வார்த்துத் தரச் சொல்லிக் கேட்க வந்தவர், அதற்காக நல்லுசாமி செய்த மர மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை மணலில் அழுத்தவா செஞ்சேள்? கண்ணாடிப் பெட்டியில வைக்கலாமே!” என்றார்.

ஆறு மாதத்தில் நல்லுசாமி கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் தற்காலிகத் தச்சராகச் சேர்ந்தார். குடும்பத்தையும் ஸ்ரீரங்கத்துக்கே அழைத்துக்கொண்டு, அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிந்த ஒரு சந்தில் வீடு பிடித்தார். காலையில் காவேரிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து போவார், மாலையில் அப்படியே திரும்புவார்.

ஆய்வுக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அதன் நடுவில் பெரிய மரக்குழாய் ஒன்று கொட்டகையின் நீளத்துக்குப் படுத்திருந்தது. ஒரு முனை புனல்போல அகன்றிருக்கும். மறுமுனையில் மோட்டாரில் ஓடும் காற்றாடி. நடுவில் குழாய் குறுகும் இடத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டி. பேராசிரியர் அதைக் காற்றுச் சுரங்கம் என்று தமிழில் சொல்லிப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாருக்கும் அது டனல்தான். காற்றாடி ஓடினால் அடுத்த கட்டடத்தில் பாடம் நடத்த முடியாது. கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கொட்டகையை முறைத்துக்கொண்டு நிற்பார்.

நல்லுசாமி வந்த முதல் வாரத்திலேயே பேராசிரியர் அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். இறக்கையை ஒட்டிப் போகிற காற்று முன்பக்கத்தில் படலம் படலமாக, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும். கொஞ்ச தூரம் போனதும் அந்த ஒழுங்கு கெட்டுச் சுழிசுழியாகக் கலங்கும். கலங்கிய காற்று இறக்கையைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். கலக்கம் எவ்வளவு தள்ளித் தொடங்குகிறதோ விமானத்துக்கு அவ்வளவு லாபம். என்ஜின் இல்லாமல் மிதக்கிற கிளைடருக்கு இது உயிர்நாடி.

“எதனால சார் கலங்குது?” என்று நல்லுசாமி கேட்டார்.

“பல காரணம் உண்டு. ஆனா முன்பக்கத்துல ஒரு கடுகு ஒட்டிண்டிருந்தாப் போறும். அங்கேயே ஆரம்பிச்சு, பின்னாடி விசிறி மாதிரி விரிஞ்சுண்டு போயிடும்.”

“கடுகா?”

“கடுகு பெரிசு. எள்ளில பாதி.”

நல்லுசாமிக்கு அன்றைக்கே அந்த வேலை பிடித்துப்போயிற்று.

சின்னச் சின்ன மாதிரிகளாகச் செய்து நான்கு ஆண்டுகள் ஓடின. 1963இல்தான் பெரிய வேலை வந்தது. கிளைடர் வடிவமைக்கும் ஒரு குழு பெங்களூரில் இருந்தது. அவர்கள் புதிதாக வரைந்த இறக்கை வடிவம் ஒன்றை இந்தச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். முன் விளிம்பிலிருந்து பாதி அகலத்தையும் தாண்டி அதன் மேல் காற்று அடங்கியே போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மாதிரி இறக்கையை உலோகத்தில் செய்து அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். பேராசிரியர் நல்லுசாமியைப் பார்த்தார்.

“தேக்கில் நான் செய்றேன் சார்” என்றார் நல்லுசாமி.

“தேக்கில எண்ணெய்ப் பசை உண்டே. மேல பூசறது நிக்குமா?”

“புது மரத்துல இருக்கும். நான் எடுக்கப்போறது புது மரம் இல்லைங்க.”

காவேரிக் கரையோரம் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய சத்திரத்தின் உத்திரத்தை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். பல தலைமுறை வெயிலும் அடுப்புப் புகையும் கண்ட மரம். அதைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, ரேகைகளை மாற்றி மாற்றி ஒட்டி, இரண்டடி அகலத்துக்கு ஓர் இறக்கைத் துண்டு செய்தார். தகரத்தில் வெட்டிய அச்சை அதன்மேல் கவிழ்த்து, மறுபக்கம் விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். எங்காவது வெளிச்சம் கசிந்தால் மறுபடி உப்புத்தாள். மாசி முழுதும் பங்குனி முழுதும் இதே வேலைதான்.

வண்ணப் பூச்சு அடைக்கலராஜின் வேலை. பாலக்கரைக்காரர், நல்லுசாமியைவிட ஐந்தாறு வயது இளையவர். பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தவர். சுருட்டை முடி. அது அடங்குவதற்காகத் தினமும் தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொண்டுதான் வருவார். இருவரும் ஒரே தூக்குவாளியில் டீ வாங்கிக் குடிக்கிறவர்கள்; வாய் ஓயாமல் ஒருவரையொருவர் சீண்டுகிறவர்கள். இறக்கையின் நுண்குழிகளை அடைக்க மக்கு வைத்துத் தேய்த்து, கறுப்பு லாக்கர் வண்ணத்தை ஏழெட்டுப் பூச்சு அடித்து, ஒவ்வொன்றையும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அடைக்கலராஜ் அதைக் கறுப்புக் கண்ணாடியாக்கிவிட்டார்.

கறுப்புக்குக் காரணம் இருந்தது. காற்று கலங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. தெரிய வைக்க ஓர் உபாயம். கறுப்பு இறக்கையின் மேல் வெள்ளைக் களிமண் தூளை லாக்கரில் கலந்து மெல்லிசாகப் பூசுவார்கள், இறக்கை வெள்ளையாகிவிடும். அதன்மேல் விண்டர்கிரீன் எண்ணெயைத் தெளித்தால் வெள்ளை மறைந்து அடியில் உள்ள கறுப்பு தெரியும். பிறகு சுரங்கத்தில் வைத்துக் காற்றாடியை ஓட்டினால், கலங்கிய காற்று படும் இடத்தில் எண்ணெய் சீக்கிரம் உலர்ந்து வெள்ளை திரும்பும். அடங்கிய காற்று போகும் இடம் வெகுநேரம் கறுப்பாகவே இருக்கும். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோடுதான் அவர்கள் தேடுவது.

அந்த எண்ணெய் அசல் தலைவலித் தைலத்தின் வாசனை அடிக்கும். சோதனை நாட்களில் கொட்டகை முழுக்க அதே நெடிதான். முதன்முதலில் அந்த வாசனையோடு நல்லுசாமி வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி வேலம்மாள் பதறிப்போய், “எங்கேங்க வலி? முதுகா, முழங்காலா?” என்றாள்.

“எனக்கில்ல. ஏரோப்ளேனுக்கு.”

“அதுக்கு என்ன வயசாகுது, மூட்டு வலி வர்றதுக்கு?” என்றாள் வேலம்மாள். அதற்கப்புறம் அந்த வாசனையோடு வந்தால், “இன்னிக்கு உங்க ஏரோப்ளேனுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டு வைப்பாள்.

களிமண் பூசவேண்டியது மட்டும் பாக்கி என்றிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. அந்த ஆண்டு புரட்டாசி நடுவிலேயே வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் பூஜை என்றால் குடும்பத்தோடு எல்லாரும் வருவார்கள். காற்றாடிக்கு வாழைக்கன்று, மோட்டாருக்குப் பூமாலை, உளிக்கும் அரத்துக்கும் சந்தனம் குங்குமம். இறக்கையை மட்டும் தொடக்கூடாது என்று பேராசிரியர் முன்னாலேயே சொல்லிவிட்டார். “ஸ்டாண்டுக்கு வைங்கோ. எத்தனை பொட்டு வேணாலும் வைங்கோ. இறக்கை மேல ஒரு பூ இதழ்கூட விழப்படாது.” இதைச் சொன்னபோது பெண்கள் கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

இறக்கையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வாய்பிளந்தார்கள். அலுவலக சூப்பரின்டெண்டின் மனைவி அதில் முகம் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டார். சவரிராயன் என்ற அலுவலக எழுத்தர், “மரம்னு சொன்னா எவன் நம்புவான்!” என்று நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார். நல்லுசாமி பக்கத்தில் நின்று வேட்டியை இறக்கி விடுவதும் மடித்துக் கட்டுவதுமாக இருந்தார். வேலம்மாள் கைக்குழந்தை அமிர்தத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறக்கையின் அருகில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சுண்டல் கொடுக்கப் போய்விட்டாள்.

விஜயதசமி கழிந்து மறுநாள் அடைக்கலராஜ் இறக்கையை உலர்ந்த மஸ்லின் துணியால் ஒற்றியெடுத்துக் களிமண் பூசினார். எண்ணெய் தெளித்தார்கள். காற்றாடி ஓடியது. கண்ணாடி ஜன்னலில் மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

பின்பாதி வெள்ளையாகியது. முன்பாதி கறுப்பாக நின்றது. பேராசிரியர், “ஆஹா!” என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள், வலது பக்கத்தில் முன் விளிம்பையொட்டி ஒரு புள்ளியில் தொடங்கி, கறுப்பை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளை முக்கோணம் பின்னால் விரிந்தது.

தூசியாக இருக்கும் என்று நிறுத்தி, ஊதிவிட்டு, மறுபடி எண்ணெய் தெளித்து ஓட்டினார்கள். அதே இடத்தில் அதே முக்கோணம். காற்றின் வேகத்தைக் குறைத்தார்கள். அப்போதும் வந்தது. தெளித்த எண்ணெய் முழுதும் உலர்ந்து போன பிறகு பேராசிரியர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முக்கோணத்தின் நுனியில் வெள்ளைப் பூச்சு எள்ளளவு எழும்பி நின்றது. அதைச் சுற்றிக் களிமண் எண்ணெயில் ஊறியதுபோல மங்கிக் கிடந்தது.

பேராசிரியர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு, “மரம் எண்ணெய் விடறது நல்லுசாமி” என்றார்.

“இருக்காதுங்க சார்.”

“பாருங்கோ, நீங்களே பாருங்கோ.”

நல்லுசாமி பார்த்தார். எண்ணெய்தான், மறுக்க முடியாது. அதை அவர் கண்ணே சொல்லியது. ஆனால் அந்த மரத்தில் எண்ணெய் இல்லை என்று அவர் கை சொல்லியது. இரண்டும் சரியென்றால் எண்ணெய் வேறு எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்தபோது எதிரில் அடைக்கலராஜின் சுருட்டைத் தலை பளபளத்தது.

“காலங்காத்தால அரைப்படி எண்ணெயைத் தலையில ஊத்திக்கிட்டு வந்து குனிஞ்சு நின்னா வேற என்ன ஆகும்?” என்றார்.

அடைக்கலராஜ் முதலில் அதை வழக்கமான சீண்டல் என்று நினைத்துச் சிரித்தார். நல்லுசாமி சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மாறியது. “அண்ணே, தலையில துணி கட்டிக்கிட்டுத்தான் அடிச்சேன். கையில உறை போட்டிருந்தேன். நீங்க பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?”

“நான் எத்தனையைப் பார்ப்பேன்?”

“சரிண்ணே. உங்க மரம் தப்பு பண்ணாது. நான்தான் பண்ணுவேன்.” அடைக்கலராஜ் ஸ்ப்ரே கன்னைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். அன்று டீ தனித்தனியாக வந்தது.

மறுநாள் பேராசிரியர் நல்லுசாமியை அறைக்குக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லுசாமிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“திங்கட்கிழமை பெங்களூர்க்காரா வரா. அவாகிட்ட என்ன காட்டறது? நடுவில ஒரு வாய்க்கால் வெட்டின மாதிரி இருக்கு.”

“அந்த இடத்தை மட்டும் சுரண்டிட்டு...”

“சுரண்டினா வளைவு போயிடும். வளைவு போனா எல்லாமே போச்சு. சரி, சுரண்டி அடைச்சாலும் இன்னொரு இடத்துல எண்ணெய் வராதுன்னு என்ன நிச்சயம்? உலோகத்துலயே செஞ்சு அனுப்பச் சொல்லி அவாகிட்ட ஒத்துண்டுடப் போறேன். இனிமே மாதிரி எல்லாம் அங்கேயே செஞ்சுக்கட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க உத்தியோகத்தை, மாதிரி செய்ய ஆள் வேணும்னு சொல்லித்தான் வருஷா வருஷம் நீட்டி வாங்கிண்டிருந்தேன். அடுத்த வருஷம் பிரின்ஸிபால்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை” என்றார்.

நல்லுசாமி தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். ஸ்டாண்டில் இருந்த இறக்கையை ஒருமுறை பார்த்தார். உத்தியோகம் போனால் உறையூர்ப் பட்டறை இன்னும் இருக்கிறது, பம்ப்செட்டுக்கும் பஞ்சமில்லை. அதை நினைத்து அவர் கலங்கவில்லை. ‘அந்த மரத்தில் எண்ணெய் இருக்காது’ என்று தான் சொன்ன வார்த்தை பொய்யாகப் போவதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“உங்க ஏரோப்ளேனுக்கு எப்படி இருக்கு?” என்று வேலம்மாள் வழக்கம்போலக் கேட்டாள்.

“அதை மூட்டை கட்டப் போறாங்க.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். தட்டின் ஓரத்தில் ரசத்தால் இறக்கையின் உருவத்தை வரைந்து காட்டினார். “இதுதான் முன்பக்கம். இங்கிருந்துதான் காத்து வருது. இதோ, வலது பக்கம், விளிம்புலேர்ந்து ஒரு விரற்கடை உள்ளே. இங்கே ஆரம்பிச்சு இப்படி விரிஞ்சுட்டுப் போகுது. எள்ளு அளவு எண்ணெய். மரத்துலேர்ந்து வருதுங்கறார். நான் அடைக்கலம் தலையிலேர்ந்து வந்ததுன்னு சொல்லிட்டேன். அவன் பேச மாட்டேங்கறான்.”

வேலம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பக்கம்னு சொன்னீங்க?”

“வலது.”

“ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா? அன்னிக்கு ஸ்டாண்டுல இருந்தப்போ?”

“கதவுப் பக்கம். ஏன்?”

வேலம்மாள் எழுந்து போய்த் தொட்டிலில் கிடந்த அமிர்தத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து நின்றபடியே சொன்னாள். “அங்கே நான்தாங்க ஒரு பொட்டு வச்சேன்.”

“என்ன பொட்டு?”

“திருஷ்டிப் பொட்டு. எல்லாரும் வந்து வந்து என்னா அழகு, என்னா வழவழப்புன்னு கண்ணு வச்சாங்க. அந்தக் கொண்டைக்காரம்மா அதுலயே முகம் பார்க்குது. எனக்குப் பொறுக்கல. நீங்க ஆறு மாசமா அதைத் தூக்கி வச்சுக் கொஞ்சிக்கிட்டிருக்கீங்க. இதுக்கு ஒரு பொட்டு வைக்க ஒருத்தருக்கும் தோணலையேன்னு, பாப்பா கன்னத்துல இருந்த மையிலேர்ந்து விரலால தொட்டு ஓரமா வச்சேன். கறுப்புல கறுப்பு தெரியாதில்ல? தெரியாம இருந்தா நல்லதுதானேன்னு நினைச்சேன்.”

நல்லுசாமி எச்சில் கையோடு அவளையே பார்த்தார். வீட்டு மை. அகல் சுடரில் பிடித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. வேலம்மாளே செய்வாள்.

“என்னைத் திட்டிடுங்க” என்றாள்.

அவருக்குத் திட்ட வரவில்லை. மரத்தில் எண்ணெய் இல்லை. இதுதான் முதலில் மனதில் வந்தது. மரத்தில் எண்ணெய் இல்லவே இல்லை! அடுத்தாற்போல அடைக்கலராஜின் முகம் வந்தது. தட்டைத் தள்ளி வைத்தார்.

“நாளைக்குச் சத்தமில்லாமத் துடைச்சுடலாம். மை கறுப்புப் பூச்சுக்கு மேலதான் இருக்கு. களிமண்ணை மட்டும் தின்னர் போட்டுக் கழுவினாப் போதும், வளைவு கெடாது” என்று யோசித்துக்கொண்டே சொன்னார்.

“சத்தமில்லாமலா? அந்தத் தம்பிகிட்ட யாரு சொல்றது?”

“சொல்லிக்கலாம்.”

“என்னன்னு சொல்லுவீங்க? எண்ணெய் தானா வந்துச்சு, தானாப் போச்சுன்னா?” வேலம்மாள் தட்டை எடுத்துக்கொண்டாள். “நான் வரேன். நான் வச்ச பொட்டை நானே எடுக்கறேன். திருஷ்டிப் பொட்டை வேற ஆளு அழிக்கக் கூடாது.”

சனிக்கிழமை காலையில் ஆய்வுக்கூட வாசலில் வேலம்மாள் இடுப்பில் குழந்தையோடு நின்றதைப் பார்த்துப் பேராசிரியர் திகைத்தார். நல்லுசாமி இரண்டு வாக்கியம் சொல்லித் தடுமாறினார். மீதியை வேலம்மாள் சொன்னாள். அடைக்கலராஜ் தூரத்தில் எதையோ துடைப்பதுபோல நின்று காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்.

பேராசிரியர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, இவ்வளவு பெரிய இறக்கையில உனக்கு வேற இடமே கிடைக்கலியா? முன் விளிம்பு ஓரம்! பகவானே நேர்ல வந்து, காத்தைக் கெடுக்க எந்த இடம்னு கேட்டா நான் அந்த இடத்தைத்தான் காட்டியிருப்பேன்.”

“ஓரமா வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேங்க.”

“எங்காத்துல என் ரேடியோவுக்கே பொட்டு வச்சிருக்கா. உன்னை என்னன்னு சொல்றது!” என்று பேராசிரியர் சிரித்துவிட்டார். சட்டென்று நிறுத்தி, “நல்லுசாமி, உங்க மரத்தைத் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார்.

“நான் ஆளையே தப்பாச் சொல்லிட்டேங்க” என்றார் நல்லுசாமி. நேராக அடைக்கலராஜிடம் போனார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

அடைக்கலராஜ்தான் காப்பாற்றினார். “எங்க வீட்டுத் தேங்காயெண்ணெயா, உங்க வீட்டு விளக்கெண்ணெயாண்ணே?”

“எங்க வீட்டு விளக்கெண்ணெய்தான்டா.”

“அதை இங்க இருக்கற எல்லார் முன்னாலயும் சத்தமா ஒருதரம் சொல்லுங்க.”

“எங்க வீட்டு விளக்கெண்ணெய்தான்!” என்று நல்லுசாமி கொட்டகை அதிரக் கத்தினார். அமிர்தம் பயந்து அழுதது. அடைக்கலராஜ் குழந்தையை வாங்கிக்கொண்டு, “அழாதே கண்ணு. உன் கன்னத்துப் பொட்டுக்காக உங்கப்பன் என் தலையைப் பிடிச்சான், தெரியுமா?” என்றார்.

தின்னரில் நனைத்த துணியை அடைக்கலராஜ் கொடுக்க, வேலம்மாளே துடைத்தாள். களிமண் கரைந்து வந்தது. அடியில் கறுப்பில் கறுப்பாக ஒட்டியிருந்த மைத்துளியும் இரண்டு இழுப்பில் துணிக்கு வந்தது. நல்லுசாமி அந்த இடத்தில் சுட்டுவிரலை வைத்து மெல்ல நகர்த்தினார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கீழே லாக்கர் கெடாமல் அப்படியே இருந்தது. பாக்கிக் களிமண்ணையும் கழுவி எடுத்துவிட்டு, அடைக்கலராஜ் தலையில் ஒன்றுக்கு இரண்டாகத் துணி கட்டிக்கொண்டு, அதை எல்லாரும் பார்க்கிறார்களா என்று உறுதிசெய்துகொண்டு, புதிதாகப் பூசினார்.

பூச்சு காய்ந்ததும் எண்ணெய் தெளித்தார்கள். மோட்டார் பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. பேராசிரியர் வேலம்மாளைக் கண்ணாடி ஜன்னல் முன்னால் நிற்க வைத்தார்.

“என்ன பார்க்கணுங்க?” என்று அவள் காற்றாடிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டாள்.

“பின்னாடி வெளுக்கும். முன்னாடி வெளுக்கப்படாது. அவ்வளவுதான்.”

பின்பக்கம் பனி படர்வதுபோல வெளுத்து வந்தது. பாதியை நெருங்கி, அங்கே தயங்கி, ஒரு கோடாக நின்றது. முனைக்கு முனை ஒரே கோடு. அதற்கு முன்னால் இறக்கை முழுதும் ஈரக் கறுப்பு. வலது பக்கத்தில் ஒன்றும் கிளம்பவில்லை. நல்லுசாமி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் ஜன்னலில் ஒட்டியிருந்த அளவுகோலைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். காற்றாடியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“அவா எழுதினதுக்கும் மேல போறது” என்றார். “நல்லுசாமி, அவா கணக்கையும் தாண்டி இன்னும் ரெண்டு விரற்கடை போறது!”

வேலம்மாள் மட்டும் திருப்திப்படவில்லை. “அப்ப இதுக்குப் பொட்டே வைக்கக்கூடாதா? திங்கட்கிழமை வேத்தூர் ஆளுங்க வேற வர்றாங்க.”

பேராசிரியர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குக் கேட்டதுபோல ஒரு நிமிடம் யோசித்தார். கண்ணாடி ஜன்னலைத் திறந்து, பென்சிலால் இறக்கையின் பின் விளிம்பருகே சின்னதாக ஒரு வட்டம் போட்டார். “இங்கே வச்சுக்கோம்மா. இந்த இடத்துல காத்து ஏற்கெனவே கலங்கினதுதான். நீ ஒரு பொட்டு வச்சா அதுக்கு ஒண்ணும் தெரியப்போறதில்லை.”

வேலம்மாள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, அந்த வட்டத்துக்குள் விரலை ஒற்றினாள்.

திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து இருவர் வந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை காற்றின் வேகத்தை மாற்றி, இறக்கையின் சாய்வை மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். கோடு முன்னே பின்னே நகர்ந்தது. எந்த ஓட்டத்திலும் முக்கோணம் வரவில்லை. ஒருவர் பின் விளிம்பில் இருந்த கறுப்புப் புள்ளியைக் காட்டி என்ன என்று கேட்டார். “எங்க ஊர்ல அது இல்லாம முடியாது” என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் சொல்லி அடுத்த ஓட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது மற்றவர் இறக்கையின் மேல் புறங்கையை வைத்துத் தடவிப் பார்த்து, “அடுத்த மாதிரியையும் நீங்களே செய்துவிடுங்கள், இது உலோகத்தைவிட நன்றாக இருக்கிறது” என்றார். பேராசிரியர் அதைத் தமிழில் சொல்லுமுன்பே நல்லுசாமிக்குப் புரிந்துவிட்டது.

தை பிறந்ததும் பிரின்ஸிபாலின் உத்தரவு வந்தது. மாதிரித் தச்சர், நிரந்தரம். நல்லுசாமி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடைக்கலராஜோடு மரக்கடைக்குப் போனார். அடுத்த இறக்கை இதைவிட இரண்டு மடங்கு நீளம். அதற்கு ஏற்ற பழைய உத்திரம் எங்கே இடிபடுகிறது என்று இருவரும் கடை கடையாக விசாரித்தார்கள். ஒரு கடைக்காரர் மணப்பாறைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பற்றிச் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. டீக்கடையில் நின்று ஆளுக்கொரு டம்ளர் டீ குடித்துவிட்டு, அவ்வளவு நீள மரத்தைக் கொட்டகைக்குள் எந்த வாசல் வழியாகக் கொண்டுபோவது என்று சர்ச்சை செய்துகொண்டே சைக்கிளை மிதித்தார்கள்.